சட்டைப் பைக்குள் போன விண்ணப்பம்

மகனே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாய். அதை நான் செய்யவில்லை. மீனுவிடம் பேசினேன், ஆனால் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. அவள் போனைத் திருப்பிக் கொடுத்ததும், "சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "சொன்னேன்" என்றேன். அது பொய். எழுபத்திரண்டு வயதில் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டு, இந்த மேசைக்கு முன்னால் உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில நாட்களைக் கழித்துவிட்டேன். உன் அம்மா காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எழுதுகதுன்னா எழுதுங்க, இல்லேன்னா பேப்பரை எடுத்து வையுங்க, ஃபேன் காத்துல வீடு முழுக்கப் பறக்கு" என்கிறாள். அதனால் எழுதுகிறேன். நேரில் இருந்தால் இதை நான் சொல்லியிருக்க மாட்டேன். நமக்குள் அப்படிப் பேசிக்கொள்ளும் பழக்கம் இல்லை, அதற்கு முழுக் காரணமும் நான்தான்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் வாத்தியார் பேசுவதில்லை, பிள்ளைதான் தன்னைப் பற்றிப் பேச வேண்டுமாம். பதின்மூன்று வயது மீனு தன் ஃபைலை மேசைமேல் விரித்து வைத்து, உன்னையும் டீச்சரையும் பார்த்து, "எனக்குக் கணக்கு நல்லா வரும்" என்று ஆரம்பித்தாளாம். நீ மார்க்கைப் பார்த்தாய். நூற்றுக்கு அறுபத்தெட்டு. "அறுபத்தெட்டு வாங்கிட்டா இந்தப் பேச்சு?" என்று சிரித்துவிட்டாய். அவள் ஃபைலை மூடிவிட்டாள். அன்றிலிருந்து உன்னிடம் ஒரு பேப்பரையும் காட்டுவதில்லை, கேட்டால் "எனக்கு ஒண்ணும் வராது" என்கிறாள். இதைச் சொல்லிவிட்டு நீ என்னிடம் கோபப்பட்டாய். "இங்க எல்லாப் பிள்ளைங்களும் தான் பெரிய மேதைன்னு நினைச்சுக்கிட்டுத்தான் திரியுது. ஸ்கூலே ஏத்தி விடுது. நீங்க என்னை ஒரு நாளாவது புகழ்ந்திருக்கீங்களா? நான் நல்லாத்தானே வந்திருக்கேன்? அதை அவகிட்டச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா கேப்பா."

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள். "தாத்தா, அப்பா சின்னதில கணக்கு நல்லாப் போடுவாரா?" போடுவான் மோளே, ரொம்ப நல்லாப் போடுவான் என்றேன். "அப்போ அவர்கிட்ட அதை யார் சொன்னா?" என்றாள். குழந்தை குறும்பாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "குளிருக்குத் தொப்பி போட்டுக்கிடு மோளே, நல்லாச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனை உன்னிடம் கொடுக்கச் சொன்னேன். நீ கேட்டபடி நான் அவளுக்குச் சொன்ன புத்தி அவ்வளவுதான்.

நம் வீட்டுப் பழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். யாராவது வந்து, "பையன் நல்லாப் படிக்கானாமே" என்றால், நீ பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே, "எங்க, சும்மா பந்தைத் தூக்கிக்கிட்டுத் திரியுதான்" என்பேன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக இந்த மலையாளத்து ஊருக்கு வந்து வலியசாலையில் குடியேறிய எங்கள் ஆட்கள் எல்லாருமே அப்படித்தான் பேசினோம். பிள்ளையை முகத்துக்கு நேரே மெச்சினால் கண் பட்டுவிடும், இல்லையென்றால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைத்தோம். பணிவு என்று அதற்குப் பேர் வைத்துக்கொண்டோம். ஆனால் நான் என்னைப் பற்றி அப்படித் தாழ்த்திப் பேசினதாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆபீசில் என் ஃபைல்தான் ஒழுங்கு, என் கையெழுத்துதான் அழகு என்று நானே சொல்லிக்கொள்வேன். பணிவுக்கு உன்னைத்தான் பிடித்தேன்.

பக்கத்து வீட்டுச் சசி அப்படி இல்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அவர் மகன் பிஜு அறுநூற்றுக்கு இருநூற்று இருபத்து மூன்று வாங்கியிருந்தான். இருநூற்றுப் பத்து இருந்தால்தான் பாஸ். சசி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லட்டு டப்பாவோடு வாசல் வாசலாக ஏறினார். "சாரே, என்றெ மோன் ஜயிச்சு கேட்டோ" என்று என் வாயிலும் ஒன்றைத் திணித்தார். பிஜு அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நின்றான். நீ அன்று ஐநூற்று நாற்பத்தெட்டு. நான் உன் மார்க்கைப் பார்த்து, "கணக்குல ரெண்டு எங்க போச்சு?" என்று கேட்டேன். தொண்ணூற்றெட்டு வாங்கின பிள்ளையிடம். அவர்கள் போன பிறகு, "பாஸ் மார்க்குக்கு லட்டு, இந்த மலையாளத்தான் வீட்டுக் கூத்தைப் பாரு" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அப்பாவும் மகனும் சேர்ந்து சிரித்ததாக எனக்கு அன்று சந்தோஷம்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நம் ஆட்களின் சங்கத்தில் வருஷா வருஷம் பத்தாம் வகுப்பில் முதலாக வரும் பிள்ளைக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள், ஹாலில் தொங்கும் மரப்பலகையில் பெயரும் எழுதுவார்கள். கடிகாரம் யாருக்கும் பெரிசில்லை, பலகைதான் பெரிசு. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் பந்திக்குக் காத்திருக்கும்போது அந்தப் பலகையைத்தான் வாசித்துக்கொண்டு நிற்பார்கள். சின்ன வயதிலிருந்தே நீயும் அதை வாசித்திருக்கிறாய். எட்டாம் வகுப்பில் ஒரு நாள் கடைசிப் பெயருக்குக் கீழே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, "இன்னும் ரெண்டு பேருக்குப் பிறகு நான்" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். ரிசல்ட் வந்ததும் விண்ணப்பத்தை நீயேதான் தரையில் உட்கார்ந்து பூர்த்தி செய்தாய். பள்ளிக்கூடத்தில் எல்லாம் மலையாளம், ஆனால் சங்கத்து விண்ணப்பத்தைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்தி எழுதினாய். அந்த வருஷம் சங்கத்துக்குச் செக்ரட்டரி நான்.

கமிட்டியில் ஐந்து பேர். மேசைமேல் இரண்டு விண்ணப்பம். ஒன்று உன்னுடையது, இன்னொன்று கடைக்காரர் மகன் கணேசனுடையது, அவன் ஐநூற்று நாற்பத்தொன்று. பிரசிடெண்ட் இரண்டையும் பார்த்துவிட்டு உன்னுடையதை எடுத்து மேலே வைத்தார். "சாருக்க பயல்தான், சந்தேகமில்லல்லா?" என்றார். மற்ற மூன்று பேரும் தலையாட்டினார்கள். நான் எழுந்து, "நான் செக்ரட்டரியா இருக்கும்போது என் மகன் பேரு பலகையில ஏறக்கூடாது" என்றேன். பிரசிடெண்டுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "பயலுக்கு மார்க் இருக்குல்லா சாரே, பின்னே என்ன? நீரு செக்ரட்டரியா இருக்கது அவன் செஞ்ச தப்பா?" என்று கேட்டார். உன் விண்ணப்பத்தை மேசையிலிருந்து எடுத்து, நாலாக மடித்து, என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "இது வரலைன்னு வச்சுக்கிடுங்க. வெளிய யாருக்கும் தெரியவும் வேண்டாம்" என்றேன். பிறகு ஒருத்தர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு நடந்து வரும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "நீதான் முதல், அப்பா செக்ரட்டரியா இருக்கதால வேண்டாம்னு சொன்னேன்" என்று ஒரு வாக்கியம். சொன்னால் உனக்குக் கர்வம் வந்துவிடும், வெளியே போய்ச் சொல்லுவாய் என்று பயந்தேன். அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னேன். "கமிட்டி நல்லா யோசிச்சுது. மார்க் மட்டும் போதாது, ஆளையும் பாக்கணும்னு சொல்லிட்டாவ." இதுதான் நான் சொன்னது, வார்த்தை மாறாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ என்னையே பார்த்தாய். எந்த விஷயத்தில் நீ போதவில்லை என்று கேட்பாய் என நினைத்தேன். கேட்கவில்லை. "சாரமில்லப்பா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாய். என்ன பக்குவம் என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன், அதையும் உன்னிடம் சொல்லவில்லை. உன் அம்மா அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கமிட்டியில் நடந்ததை அவளிடம் மட்டும் சொன்னபோது, "ஊருக்கு நல்லவரா இருக்கதுக்கு நம்ம பிள்ளையைக் கொண்டு குடுத்துட்டு வந்திருக்கியளே" என்றாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

பரிசு கொடுத்த அன்று நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாய். கணேசன் கடிகாரத்தை வாங்கும்போது கை தட்டினாய். பிரசிடெண்ட் பேசும்போது, "சொந்தம் பந்தம் பாக்காத ஒரு செக்ரட்டரி நமக்குக் கிடைச்சிருக்காரு" என்றார். ஏன் சொல்கிறார் என்று கமிட்டிக்கு மட்டும்தான் தெரியும். ஹால் முழுக்கக் கை தட்டியது. நான் மேடையிலிருந்து பார்த்தேன், நீயும் தட்டிக்கொண்டிருந்தாய். உனக்கு வர வேண்டியதை நான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், நீ அதற்குக் கை தட்டுகிறாய். அன்று எனக்கு அது உறைக்கவில்லை என்பதுதான் இன்று தாங்கவில்லை.

உறைத்தது பல வருஷம் கழித்து. நீங்கள் லீவுக்கு வந்திருந்தபோது அதே ஹாலில் ஒரு கல்யாணம். மீனுவுக்கு ஏழு வயது இருக்கும். பந்திக்குக் காத்திருக்கும்போது பலகையைக் காட்டி அது என்ன என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நீ ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டினாய், நன்றாகப் படித்த பிள்ளைகள் என்று சொன்னாய். "உங்க பேரு எங்கப்பா?" என்றாள். நீ வருத்தமே இல்லாமல், வானம் நீலம் என்று சொல்வது மாதிரி, "அப்பா அந்த அளவுக்கு இல்ல மோளே" என்று சொன்னாய். நான் உனக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறந்திருக்கலாம். இலை போட்டாச்சு, வாங்க என்று கூப்பிட்டார்கள், போய் உட்கார்ந்தேன். பாயசம் ஊற்றினதும் என்னால் குடிக்க முடியவில்லை.

நீ நல்லாத்தானே வந்திருக்கேன் என்று சொல்கிறாய். வந்திருக்கிறாய், யார் இல்லை என்றார்கள்? ஆனால் ஆபீசில் மேலே உள்ள வேலைக்கு மூன்று தடவை உன்னைக் கூப்பிட்டும் நீ விண்ணப்பமே போடவில்லை என்று உன் மனைவி அம்மாவிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "வேலை தெரிஞ்சா மட்டும் போதாது, ஆளும் அதுக்கு ஏத்தவனா இருக்கணும்" என்றாயாம். அம்மா அதை என்னிடம் வந்து சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கோயில் வரை போய்விட்டு வந்தேன்.

போன மாதம் உன்னிடம் சொல்லிப் பார்த்தேனே, ஞாபகம் இருக்கிறதா? பேச்சுக்கு நடுவில், "அந்த வருஷம் நீதான்டே முதல்" என்றேன். நீ சிரித்தாய். "என்னப்பா, வயசாக வயசாகப் பாசம் பொங்குதா?" என்றாய். நீ நம்பாததில் தப்பே இல்லை. முப்பத்தைந்து வருஷமாகச் சொல்லாததை ஒரு நாள் போனில் சொன்னால் யார் நம்புவார்கள்? கிழவனுக்கு மனசு இளகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

அதனால் அத்தாட்சி தேடிப் போனேன். திங்கட்கிழமை சங்கத்துக்குப் போய் அந்த வருஷத்து மினிட்ஸ் புத்தகத்தைக் கேட்டேன். இப்போதைய செக்ரட்டரி உன்னைவிட இளையவன், மரியாதையாகத் தூசி தட்டிக் கொடுத்தான். "அண்ணாச்சி காலத்து மினிட்ஸ் மாதிரி இப்பம் யாரும் சுத்தமா எழுதுகதில்ல" என்றான். பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்து, உள்ளபடியே அழகாகத்தான் இருந்தது. 'பரிசுக்குத் தகுதியான விண்ணப்பம் ஒன்று மட்டுமே வரப்பெற்றது' என்று எழுதியிருக்கிறேன். நேர்மைக்காகச் செய்த காரியத்தை நான் பொய்யாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அன்று அந்த அறையில் இருந்த மற்ற நாலு பேரும் இப்போது உயிரோடு இல்லை. பலகையில் உன் பெயரை எழுதச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அது கணேசனிடமிருந்து பிடுங்குவதாகிவிடும். அவன் அம்மா இன்றைக்கும் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போகிறாள். புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும் வழியில் முக்கில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். இந்த வருஷம் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கின பிள்ளைகளின் போட்டோ, பதினொரு முகம். நம் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெண் ஒன்பது பாடத்தில் ஏ பிளஸ், ஒன்றில் வெறும் ஏ. அவள் இப்போது அந்த முக்கு வழியாக நடப்பதில்லை, பின் சந்து வழியாகச் சுற்றிப் போகிறாள். அதைப் பார்த்தால், புகழ்வதிலும் இந்த ஊர் ஆட்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றுகிறது. பிஜுவையும் நினைத்துக்கொண்டேன். லட்டு கொடுத்து வளர்த்த பிள்ளை எங்கோ உச்சிக்குப் போய்விட்டான் என்று சொல்ல மாட்டேன், போகவில்லை. இரண்டு கடை வைத்து இரண்டையும் மூடினான். இப்போது மூன்றாவதாக மொபைல் ரிப்பேர் கடை. போன வாரம் என் போனைச் சரி செய்துகொண்டே, "இதும் பொளிஞ்ஞால் வேறொண்ணு துடங்கும் அங்கிளே, என்னெக்கொண்டு பற்றும்" என்றான். மூடினாலும் வேறொன்று தொடங்குவானாம், அவனால் முடியுமாம். எந்தத் தைரியத்தில் சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. ஐநூற்று நாற்பத்தெட்டு வாங்கின உன் வாயிலிருந்து நான் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை.

உங்கள் ஊர் முறை சரியா, எங்கள் முறை சரியா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியாது. அறுபத்தெட்டு எழுபத்தெட்டாக வேண்டும் என்று நீ ஆசைப்படுவது தப்பில்லை, உட்கார்ந்து சொல்லிக் கொடு. ஆனால் அவள் தன்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப அவளிடம் கொடுக்க முடியுமா என்று பார். எப்படிக் கொடுப்பது என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தால் உனக்குக் கொடுத்திருக்க மாட்டேனா? உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் கேட்டுவிட்டதால் எதுவும் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கையாலாகாமல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று அம்மா பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய சர்டிபிகேட் உறை ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குள் நாலாக மடித்தபடி உன் விண்ணப்பம். என் சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்து வைத்தாளாம், இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரித்துப் பார்த்தேன். உன் பெயர், மார்க், எல்லாம் பதினைந்து வயதுக் கையெழுத்தில். கடைசியில், 'உங்களைப் பற்றி ஒரு வரி' என்று ஒரு இடம். அங்கே நீ ஒன்றை எழுதி, பிறகு ஸ்கேல் வைத்து நேராக அடித்திருக்கிறாய். பார்த்ததும்தான் ஞாபகம் வந்தது. நான்தான் உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மளைப் பத்தி நாமளே இப்படி எழுதப்பிடாது, அடி" என்று சொன்னேன். சட்டைப் பையை ஞாபகம் வைத்திருந்த நான் இதை அடியோடு மறந்துபோயிருந்தேன்.

'எனக்குக் கணக்கு நல்லா வரும்' என்று எழுதியிருக்கிறாய்.

அந்தத் தாளை இதோடு வைத்து அனுப்புகிறேன். மடிப்பில் கிழிகிறது, பார்த்துப் பிரி. மீனுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது, நீதான் வாசித்துக் காட்ட வேண்டும். அடித்திருக்கும் வரியையும் விடாமல் வாசி.

அப்பா